தனுஜா அவுட் ஆன நாள்

என் விளையாட்டு பீரியடையெல்லாம் பிடுங்கிக்கொண்டு போனாலும் என் பிரியத்துக்குரிய மாலதி அக்காவுக்கு,

முதலில் ஸ்கூல் சேதி. உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் கணக்கு வாத்தியார் தங்கமான மனுஷர். ஜூனில் சேர்ந்தவர், இன்றுவரை ஒரு நாள்கூட என் பீரியடைக் கேட்கவில்லை. "போர்ஷன் முடியலை தம்பி, இன்னிக்கு ஒரு நாள் மட்டும்" என்று சாக்பீஸ் கையோடு வந்து நிற்க ஆளில்லாமல், வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் எனக்கு என்னவோ போல் இருக்கிறது. நிம்மதியாக இருக்கும் என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன்.

நம்முடைய கடைசிச் சண்டை உங்களுக்கு நினைவிருக்கிறதா? மார்ச் மாதம், நல்ல வெயில். பீரியடைத் தர முடியாது, பிள்ளைகள் விளையாட வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்ல, நீங்கள் குடையை விரித்துக்கொண்டு கிரவுண்டுக்கே வந்துவிட்டீர்கள். விரலை நீட்டி எண்ணினீர்கள். "தம்பி, ஏழாம் வகுப்புல நாப்பது பேரு. ஓடறது பதினாலு பேரு. மிச்சப் பேரு வேப்பமரத்தடியில உட்கார்ந்திருக்காங்க. சும்மா உட்கார்றதுக்கு என் கிளாஸ்ல பெஞ்சே இருக்கே?"

"உங்க கணக்கை கிளாஸோட வெச்சுக்கங்க" என்று பிள்ளைகள் காதுபடச் சொன்னேன். அப்புறம் நமக்குள் பேச்சே இல்லை. ஒரு சாயங்காலம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் முசிறி பஸ்ஸுக்கு நீங்கள் நிற்பதைப் பார்த்தும் பார்க்காதவன் போல பைக்கில் போய்விட்டேன். மே மாத லீவில் போன் வந்தது. நான் முசிறி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது அக்கா.

ஜூனில் ஸ்கூல் திறந்தது. அதே பிள்ளைகள், இப்போது எட்டாம் வகுப்பு. விசிலை வாயில் வைத்தேன், ஊத முடியவில்லை. கண் தானாக மரத்தடிக்குப் போனது. பெண் பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர், குண்டாக இருப்பவன், ஊருக்குப் புதிதாக வந்தவன், அவர்களுக்கு நடுவில் எல்லோருடைய செருப்புக்கும் வாட்சுக்கும் காவலாக தனுஜா. ஒரு கை தூரத்துக்கு மேல் அவளுக்கு எல்லாமே மங்கலாகத்தான் தெரியும் என்பதால் நீங்கள் போர்டில் கொட்டை எழுத்தில் எழுதுவீர்களே, அதே தனுஜாதான். எண்ணிப் பார்த்தேன். உங்கள் கணக்கு ஒன்றுகூடத் தப்பவில்லை.

முதலில் கிரவுண்டை மறித்தேன். பாதிதான் கிரிக்கெட்டுக்கு, பாதி கபடிக்கு, வாராவாரம் இடம் மாறும். கேப்டன்கள் கெட்டிக்காரர்களாகப் பொறுக்குவதை நிறுத்தினேன். இப்போது உத்தி பிரிக்கிறோம்: இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்ந்து, ரகசியமாக ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டு வந்து, "ரோஜா வேணுமா, மல்லி வேணுமா?" என்று கேப்டனைக் கேட்பார்கள். எந்தப் பெயருக்குள் யார் என்று தெரியாததால், கடைசியில் வேண்டாதவராக நிற்க யாரும் மிஞ்சுவதில்லை.

தனுஜாவை மட்டும் நான் கூடுதல் அக்கறையோடு கவனித்தேன். கபடியில் அவளை ஒப்புக்குச் சப்பாணி ஆக்கினேன். நாமெல்லாம் சின்னதில் பொடிசுகளுக்குக் கொடுத்த சலுகைதானே அது. வரிசையில் நிற்கலாம், தொட்டாலும் அவுட் கிடையாது. அன்றைக்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன். நீங்கள் பார்த்திருந்தால் வாயடைத்துப் போயிருப்பீர்கள் என்றுகூட நினைத்தேன்.

மூன்றாவது வாரம் அவள் தானாகப் போய்ச் செருப்புப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"ஏம்மா, உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன் சார். ரைடு வர்றவங்க யாரும் என் பக்கமே வர்றதில்லை. நான் நின்னாலும் நிக்காட்டியும் ஒண்ணுதானே."

"சரி, இப்ப என்ன செய்யணும்ங்கிற?"

"நானும் அவுட் ஆகணும் சார்."

எனக்குச் சுருக்கென்றது. மரத்தடியிலிருந்து எழுப்பி, கோட்டுக்குள் கொண்டுபோய் மறுபடியும் உட்காரத்தான் வைத்திருக்கிறேன். அந்தச் சலுகையை எடுத்துவிடுகிறேன் என்றதும் ஹெட்மிஸ்ட்ரஸ், "விழுந்து வெச்சா யாரு சார் பதில் சொல்றது?" என்றார். "எல்லாப் பிள்ளையும்தான் விழுது மேடம், நான் பொறுப்பு" என்றேன். கோட்டின்மேல் தேங்காய் நார்க் கயிற்றைப் பதித்தேன், கால் வைத்தாலே கோடு தெரியும். ரைடு போகிறவர் 'கபடி கபடி' என்பதை வாய்க்குள் முனகக் கூடாது, கடைசி வரை கணீரென்று கேட்க வேண்டும். இது புதுச் சட்டம்கூட இல்லை, நான் கண்டிப்பாகப் பிடிக்காமல் விட்ட பழைய சட்டம்.

அடுத்த வெள்ளிக்கிழமை நந்தினியின் கையைக் கோத்துக்கொண்டு தனுஜா ஓரத்தில் நின்றாள். ஆட்டம் தொடங்கிய இரண்டாவது நிமிஷமே கீர்த்தனா அவள் தோளைத் தொட்டுவிட்டு ஓடினாள். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள், நான் எதையாவது சொல்லிச் சமாளிப்பேன் என்று. விசிலை ஊதி, "தனுஜா அவுட்" என்றேன். கயிற்றைக் காலால் தடவிக்கொண்டே வெளியே வந்து உட்கார்ந்தாள் பாருங்கள், கல்யாண வீட்டில் முதல் பந்தியில் இடம் கிடைத்த மாதிரி ஒரு முகம். நான் செருப்பைத் தேடுவதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இப்போது நிலைமை என்ன தெரியுமா? நேற்று கீர்த்தனா தொட்டதற்கு அவளை அவுட் கொடுத்தேன், போக மாட்டேன் என்று நின்றாள். "சார், தொடுறதுக்கு முன்னாடியே அவ மூச்சை விட்டுட்டா. எனக்குக் கேட்டுச்சு. உங்களுக்குத்தான் கேக்கலை." அவளுக்குப் பின்னால் பெண்கள் பட்டாளமே திரண்டுவிட்டது. கீர்த்தனாவைக் கேட்டேன். அவள் தலையைச் சொறிந்துகொண்டு, "ஆமா சார், கொஞ்சம் விட்டுட்டேன்" என்றாள்.

நாற்பது பேருக்கு முன்னால், "தப்பு என்னுதுதாம்மா, நீ அவுட் இல்லை" என்று சொன்னேன். சொல்ல ரொம்ப நேரமெல்லாம் ஆகவில்லை அக்கா. பஸ் ஸ்டாண்டில் ஒரு நிமிஷம் பைக்கை நிறுத்தியிருந்தால் உங்களிடமும் சொல்லியிருப்பேன்.

அன்றைக்கு நம் சண்டையில் தப்பு என் மேல்தான். இனி எந்தப் பிள்ளையையும் பாவம் பார்த்து ஆட்டத்துக்கு வெளியே வைக்க மாட்டேன். அவுட் என்றால் அவுட். நான் சொன்னது தவறு என்றால், அடுத்த ரைடு தொடங்குவதற்குள் ஒத்துக்கொள்வேன். இது உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

கூடப் பிறக்காவிட்டாலும் கூடவே சண்டை போட்ட,
உங்கள் பி.டி. வாத்தியார் தம்பி,
ஸ்ரீரங்கம்.