பூட்டில் தொங்கும் மூவர்

என் தங்கமே,

நீயும் பாப்பாவும் சுகம்தானே? நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன்.

இன்று ஆளுயர பம்ப் ஒன்றை நானே கழற்றினேன்! முதலில் கரண்டை நிறுத்தி, சுவிட்சில் அவரவர் பூட்டைப் போட்டு, சாவியைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு குழாய்த் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் நட்டில் கைவைக்கலாம். பூட்டோடு அவரவர் போட்டோவும் தொங்கும். என்னிடம் இருந்தது நாம் மூவரும் எடுத்த படம்தான். வெட்ட மனம் வரவில்லை, அப்படியே மாட்டினேன்.

"குடும்பத்தோட வேலைக்கு வந்துட்டியா?" என்று ஃபோர்மேன் சிரித்தார்.

என் கை பம்புக்குள் இருந்தபோது புது ஆபரேட்டர் சுவிட்சைப் போட வந்தானாம். பயப்படாதே, பூட்டு இருந்தது. படத்தைப் பார்த்ததும், "ஐயோ, கைக்குழந்தைக்காரன் உள்ள இருக்கான்!" என்று பதறிப்போனானாம்.

பாப்பாவுக்குப் பல் முளைத்திருக்குமே? புதுப் படம் அனுப்பு. ஷிஃப்ட் மணி அடிக்கிறது, ஓடுகிறேன். படத்தில் எனக்கும் கொஞ்சம் இடம் விட்டு நில்.

உன் பம்புக்காரன்