சின்னக் கோபத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு

அன்புள்ளவளுக்கு,

மேலே கோடு போட்டு அடித்திருப்பது ‘சிடுமூஞ்சிக்கு’. உன்னைக் கூப்பிடுகிற பழக்கத்தில் எழுதிவிட்டேன். அப்புறம் கை ஓடவில்லை.

உன் அக்கா வீட்டுக்கு ரெண்டே நாள் என்று சொல்லிப் போனாய். இன்று பதினோராவது நாள். அதைப் பற்றி நான் கேட்கவில்லை. செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறேன்.

அகராதி வேலையில் ‘மிஃப்ட்’ என்று ஓர் ஆங்கிலச் சொல் வந்தது. சின்ன விஷயத்துக்கு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வது. பெரிய கோபத்துக்கு ஆகாது. எடுத்துக்காட்டாக, “காலையில் மனைவிக்குச் சின்னக் கோபம், சாயங்காலம் சரியாகிவிட்டது” என்று எழுதினேன். அலுவலகத்தில் பிழை பார்க்கும் அம்மா படித்துவிட்டு, “சரியாயிடுச்சுன்னு யார் சார் சொன்னது? அவங்களா, நீங்களா?” என்றார்.

நான்தான்.

அடுப்புக்கு மேலே உள்ள அலமாரிக் கதவு தானாகத் திறந்து உன் நெற்றியில் இடிக்கும்போதெல்லாம், “இதைக் கொஞ்சம் பாருங்களேன்” என்பாய். “இதுக்கெல்லாமா சிடுசிடுப்பே?” என்று சிரிப்பேன். நேற்று அந்த இடியை நானே வாங்கினேன். ஆளில்லாத சமையலறையில் சத்தம் போட்டுத் திட்டினேன். நீ ஆறு வருஷம் வாங்கியிருக்கிறாய்.

கதவின் கீலை மாற்றிவிட்டேன். கால் மணி நேர வேலை. அதைத்தான் உன்னிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

எடுத்துக்காட்டையும் மாற்றிவிட்டேன்: “கதவு இடித்ததில் அவனுக்குச் சின்னக் கோபம்.” உன்னுடையது சின்னது இல்லை. அதற்கு என்ன சொல் என்று நீயே சொல். நடுவில் சிரிக்காமல் கேட்கிறேன்.

நெற்றி வீக்கத்துடன்,
உன்னவன்