ரோசமுள்ள தகடு

8 செப்., திங்கள்

எழுந்ததும் முதல் வேலை, மடிக்கணினியில் படிந்த புழுதியைப் பழைய சீலைத் துண்டால் துடைத்தது. சோளகக் காற்று இன்னும் நிற்கவில்லை. யன்னலைப் பூட்டினால் வேக்காடு. திறந்தால் அக்கராயன் வயல் முழுவதும் மேசையில்.

இரவு ஓடவிட்ட கணக்கு முடிந்திருந்தது. வான் வண்டிக் கதவின் உட்சட்டம். அச்சில் அழுத்தி வெளியே எடுத்ததும் பக்கச் சுவர் நான்கு மி.மீ. விரியும் என்கிறது. நம்பவில்லை. இன்னும் விரியும். தகடு அச்சின் விளிம்பில் ஒருமுறை வளைந்து உடனே நிமிர்கிறது. எங்கள் கணக்குக்கு அது விளங்காது. ஒரு பக்கம் வளைந்து இறுகியது மறுபக்கமும் அதே அளவு இறுகியிருக்கும் என்று நினைக்கிற மடக் கணக்கு. இருபக்கமும் வளைத்துப் பார்த்த சோதனை வேண்டும் என்று ஆய்வுகூடத்திடம் மூன்று தரம் கேட்டாயிற்று.

ஜெகன் போனில். பிரிவுத் தலைவர், கொழும்பு, என்னிலும் ஒன்பது வயது இளையவர்.

"அக்கா, கணக்கில உராய்வைக் கொஞ்சம் கூட்டி விடுங்கோ. விரியாது. எல்லாம் வடிவா வரும்."

"உராய்வை அளந்தனீங்களோ?"

"வாற ஆக்களுக்கு உதெல்லாம் விளங்குமே அக்கா?"

அக்கா! வேலை ஏவும்போது மட்டும்.

வெள்ளி பி.ப. 3: தொழிற்சாலையில் வாடிக்கையாளர் வந்து பார்த்து ஒப்புதல். அடுத்த நாளே பெரிய அச்சை உருக்கில் வெட்டத் தொடங்குவார்கள். விரிவுக்கு ஈடாக அச்சைக் கூடுதலாக வளைத்து வெட்டாவிட்டால் ஒரு கதவும் பூட்டாது. வெட்டிய உருக்கைத் திரும்ப ஒட்டவும் முடியாது. அறிக்கையில் "சரிபார்த்தவர்" என்ற இடத்தில் என் பெயர்.

வாங்க: உழுந்து, மின்குமிழ், நுளம்புத்திரி.

9, செவ்வாய்

ரபீக் நானாவின் கராஜ். நசுங்கிய வாகனங்களைத் தட்டி நிமிர்த்துகிறவர். அதே கதவுத் தகட்டில் நான்கு துண்டு கொண்டுபோனேன். வைஸில் இறுக்கி வளைத்தார், விட்டார். கொஞ்சம் திரும்பி வந்தது.

"பாத்தீங்களா மிஸ், தகட்டுக்கு ரோசம். தொண்ணூறு டிகிரி வேணுமெண்டா தொண்ணூத்தஞ்சுக்குப் போகோணும்."

இதைச் சொல்ல ஜெகனுக்கு ஒரு பட்டமும் இரண்டு மென்பொருளும் போதவில்லை.

"நிமித்திப்போட்டு மற்றப் பக்கம் வளையுங்கோ நானா."

மீன் நிறுக்கும் வில் தராசை நுனியில் கொளுவி இழுத்தோம். முதல் தரம் ஏழு கிலோவில்தான் விட்டுக்கொடுத்தது. மறுபக்கம் ஐந்திலேயே.

"ஒருக்கா வளைஞ்சவன் மற்றப் பக்கம் லேசா வருவான்," நானா சிரித்தார். "எலக்சன் நேரம் எங்கட ஆக்களைப் பாக்கேல்லையா?"

மீன் தராசு என்றால் ஆய்வுகூடம் சிரிக்கும். சிரிக்கட்டும். எனக்கு ஒரு சோதனையாவது செய்து தந்ததா அது?

உழுந்து மறந்துபோச்சு.

10, புதன்

மின்னஞ்சல். பரீட்சார்த்த அச்சில் அழுத்திய சட்டம், உராய்வைக் கூட்டிய ஜெகனின் கணக்கோடு "முழுப் பொருத்தம்". விரிவே இல்லையாம். இணைப்பு: சட்டத்தின் படம் ஒன்று, கேக் வெட்டும் படம் மூன்று.

சுதன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "அப்ப நீர்தான் பிழை போல." சொல்லிவிட்டுப் பாணைத் தேநீரில் தோய்த்தார். பதினெட்டு வருடத் தாம்பத்தியத்தின் தொழில்நுட்ப ஆலோசனை.

காலை முழுவதும் உண்மையாகவே பயம். நான்தான் பிழையோ?

பகல், படத்தைப் பெருப்பித்தபோது இடது மூலையில் சிவப்பாக ஏதோ. கைபிடி. கிளாம்ப்! சட்டத்தைத் தாங்கியில் இறுக்கிப் பூட்டிவைத்துவிட்டு அளந்திருக்கிறார்கள். நாய் வாலை மட்டையோடு சேர்த்துக் கட்டிவிட்டு, நிமிர்ந்துவிட்டது என்று கேக் வெட்டியிருக்கிறார்கள்.

போன் எடுத்தேன். "கிளாம்பைக் கழட்டிப்போட்டு அளக்கேல்லையோ?"

"கழட்டினா சட்டம் விரியுமே அக்கா. பிறகு என்னெண்டு அளக்கிறது?"

இரண்டு தரம் கேட்டுப் பார்த்தேன். பகிடி இல்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைக்கிறார்.

"வெள்ளிக்கிழமை நீங்கள் வரத் தேவையில்லை அக்கா. கிளிநொச்சியிலயிருந்து தூரம். ஸூமில இருங்கோ. மைக்கை மட்டும் நிப்பாட்டி வையுங்கோ."

11, வியாழன்

காற்று. ஒன்பதிலிருந்து பத்தரை வரை மின்சாரம் இல்லை.

அறிக்கையின் ஒப்பப் பக்கம் வந்திருக்கிறது. "அக்கா, இண்டைக்கே பிளீஸ்." கூப்பிய கைகள் இரண்டு.

மூன்று நாளாக ஜெகனைத் திட்டி எழுதுகிறேன். போன வருடம் இருக்கைத் தாங்கி. அப்போதும் உராய்வு, அப்போதும் இந்தக் கூப்பிய கைகள். வைத்தேன் ஒப்பம். சம்பளம், வீட்டிலிருந்து வேலை, இந்த ஊரில் வேறு யார் தருவார்கள் என்ற கதை. ஏழு கிலோவில் தொடங்கியவள், இப்போது எத்தனையில் நிற்கிறேன்? நானா அதற்கும் தராசு கொளுவுவார்.

சுதன் குசினியிலிருந்து: "ஒப்பம் வைச்சாச்சோ?"

"ம்."

ஓம் என்று எடுத்துக்கொண்டார். எடுக்கட்டும். நாளைக்கு வவுனியாவில் பல் வைத்தியர் என்று சொல்லலாம்.

பின்னேரம் ஸ்ரேசனுக்குப் போய் நாளைக் காலைக் கொழும்பு ரயிலுக்கு இருக்கை எடுத்தேன். யன்னலோரம் கிடைக்கவில்லை.

கைப்பையில்: தகட்டுத் துண்டு நான்கு, அளவுகோல், அடையாள அட்டை. ஒப்பப் பக்கம், வெறுமையாக.

கூட்டத்தில் வாய் திறக்கமாட்டேன். வாடிக்கையாளர் சட்டத்தைக் குனிந்து பார்க்கும்போது கிட்டப் போய் அந்தச் சிவப்புக் கைபிடியைத் தூக்கிவிடுவேன்.