டன்னகனின் கைகள்

1884, மே 6
ஒஹாயோவில் இன்னும் குளிர் விடவில்லை. டேட்டன் ஊர் அணியை ஜெயித்தோம். என் பந்தை அவர்களில் ஒருவனாலும் தொட முடியவில்லை. அடிப்பவனுக்குப் பின்னால் நின்று என் வேகத்தைப் பிடிக்கக்கூடியவன் எங்கள் பேஸ்பால் அணியில் லெவி டன்னகன் ஒருவன்தான். அவன் இல்லாவிட்டால் நானும் இல்லை.

மே 19
லெவியின் கையுறை வெறும் மெல்லிய தோல், விரல்நுனி கிடையாது. அடி தாங்க உள்ளே பச்சை மாட்டிறைச்சித் துண்டு வைத்துக்கொள்கிறான். ஆட்டம் முடிவதற்குள் அது கூழாகிவிடுகிறது. "ராத்திரிக்கு இதையே வறுத்துத் தரட்டுமாடா நெட்டை?" என்று சிரிக்கிறான்.

ஜூன் 2
லெவியின் இடது நடுவிரல் ஒடிந்தது. ரயிலில் அவனே இழுத்து நேராக்கிக் கட்டிக்கொண்டான். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 11
லெவிக்கு வலது உள்ளங்கை பிளந்து சீழ் வைத்திருக்கிறது. ஓய்வு வேண்டும் என்றாராம் மருத்துவர். மேலாளர் ஹோபர்ட், "அவன் உக்காந்தா வேற ஆளு வருவான். ஒனக்கும் சேத்துத்தான் சொல்றேன்" என்றார்.

ஜூன் 14
மெதுவாக எறிந்தேன். வேறென்ன செய்ய? ஒவ்வொரு பந்துக்கும் அவன் முகம் வெளுக்கிறது — எதிரே நின்று பார்ப்பவன் நான்தானே? எதிரணிக்காரர்கள் என் பந்துகளை அடித்து நொறுக்கிவிட்டார்கள்.
லெவி என் சட்டையைப் பிடித்தான். "யாரைக் கேட்டு மெதுவாப் போட்டே? என் கை, என் பொழப்பு. நீ யாருடா இரக்கப்பட?"
"சீழ் வடியுதுடா..."
"வடியட்டும். அடுத்த ஆட்டத்துல முழுசாப் போடு. இல்லேன்னா எங்கிட்டப் பேசாதே."

ஜூன் 16
முடியவில்லை. கை தானாகத் தளர்ந்துவிடுகிறது. தோற்றோம்.

ஜூன் 17
என்னை நீக்கிவிட்டார்கள்.

ஜூலை 3
செங்கல் சூளையில் வேலை. மதியம் ஆட்டம் பார்க்கப் போனேன். என் இடத்தில் பந்தெறிய அயோவாவிலிருந்து ஒருவனைக் கொண்டுவந்திருக்கிறார்கள், என்னைவிட வேகம். லெவிதான் பிடித்தான். ஒன்றையும் தவறவிடவில்லை. பந்து கையில் விழும் சத்தம் வேலிவரை கேட்டது. என் பக்கம் அவன் திரும்பவே இல்லை.
எனக்கு என்ன, கோபமா? இல்லை — பொறாமை. லெவியின் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே, புதியவன்மேல் பொறாமை! சீ.

ஆகஸ்ட் 9
லெவியின் மனைவி மின்னா சூளைக்கே வந்துவிட்டாள். கையில் விஷம் ஏறிவிட்டதாம். "அவரு ஒங்களக் கூப்பிடல. நாந்தான் கூப்பிடறேன், வாங்க" என்றாள். போனேன். மயக்கத்தில் கிடந்தான். வலது கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். அணியிலிருந்து ஒருவரும் வரவில்லை.

அக்டோபர் 26
ஞாயிறு. கதவில் ஏதோ மந்தமாக இடித்தது. திறந்தால் லெவி. முழங்கையால் தட்டியிருக்கிறான்.
"காப்பி இருக்கா?"
இடது கை விரல்களும் மடங்குவதில்லை. கோப்பையை அவன் வாயருகே பிடித்தேன்.
"சுடுதுடா" என்றான்.
ஊதிக் கொடுத்தேன்.