அறுக்கக் கூடாத மரம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள், இருக்க வேண்டும். எங்கள் சுகத்தைப் பற்றிக் கேட்டால், போன வாரப் பேப்பரில் அரசாங்கமே அறிவித்துவிட்டது, நாட்டின் மரத்தொழில் மிகவும் ஆரோக்கியமாக இருக்கிறதாம். மரத்தொழில் என்றால் அதில் நானும் உன் அப்பாவும் உண்டுதானே, அதனால் நாங்களும் ஆரோக்கியமாகத்தான் இருந்தாக வேண்டும். அப்பாவின் முழங்காலுக்கு மட்டும் இந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை, மாடிப்படி ஏறும்போது முனகுகிறார். நீ அனுப்பிய தைலத்தைத் தடவச் சொன்னால் வாசனை பிடிக்கவில்லையாம். வாழ்நாள் முழுக்க மரத்தூளை முகர்ந்த மூக்கு, அதற்கு வேறு வாசனை ஒத்துவராது.

நம் மரமறுக்கும் மில் விஷயத்துக்கு வருகிறேன். வெளிநாட்டுப் பலகை இறக்குமதி செய்கிறவர் நம் ஷெட்டைக் குடோனாகக் கேட்கிறார், கொடுத்துவிட்டு இங்கேயே வந்துவிடுங்கள், பெரிய ஜன்னல் வைத்த அறை உங்களுக்காகக் காத்திருக்கிறது என்று போனில் சொன்னாய். மாத முடிவுக்குள் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். நானும் உன் கட்சியில்தான் இருந்தேன், பெட்டியில் எந்தப் புடவையை வைப்பது என்பது வரை யோசித்துவிட்டேன். பிறகு நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நம் மரத்தொழில் உலகத்தோடு போட்டி போட வேண்டும் என்று ஒரு கொள்கை போட்டார்களே, அது வெகு நன்றாக வேலை செய்கிறது. வனத்துறை டிப்போவில் மரத்தை இப்போது சில்லறையாகக் கொடுப்பதில்லை, மலை மலையாகக் குவித்துத்தான் ஏலம், அதை எடுக்க ஏற்றுமதிக் கம்பெனியால் மட்டும்தான் முடியும். அறுக்காமல் முழு மரமாக, தடியாகவே கப்பல் ஏற்றினால் சலுகை உண்டு, பலகையாக அறுத்தால் கிடையாது. அதே மரத்தை வெளியே எவனோ அறுத்துப் பலகையாகத் திருப்பி அனுப்பினால் அதற்கு வரியும் கிடையாது. லாரிகள் நம் வாசலைத் தாண்டித்தான் போகின்றன, போகும்போது தடி, வரும்போது பலகை. மரமும் உன்னைப் போலத்தான், வெளிநாடு போனால்தான் மதிப்பு. கோபப்படாதே, பேனா கையில் இருந்தால் எனக்கு வாய் நீண்டுவிடுகிறது.

ஆக ரம்பம் நின்று பல மாதமாயிற்று. ஆட்களையும் அனுப்பியாயிற்று. உனக்குத்தான் தெரியுமே, மில் ஓடும்போது அப்பா ரம்பத்தின் இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம், பேச்செல்லாம் கையாலேதான். இரண்டு விரல் காட்டினால் இரண்டு அங்குலப் பலகை, உள்ளங்கையைக் கவிழ்த்தால் நிறுத்து, வயிற்றைத் தட்டினால் சாப்பாட்டு நேரம். இத்தனை வருடம் அப்படியே குடும்பம் நடத்திவிட்டோம். ரம்பம் நின்ற பிறகுதான் வாயால் பேசிக்கொள்ள நேர்ந்தது, அன்றிலிருந்து ஒரே சண்டை.

இந்த நிலையில் கொள்கையின் வெற்றியைக் கண்ணால் பார்க்க மேலிடத்துக் குழு ஒன்று வருகிறது, நம் மில்லைத்தான் காட்டப்போகிறோம் என்று டிப்போ அதிகாரி வந்து நின்றார். ஏன் நம் மில் என்றால், மெயின் ரோட்டை ஒட்டி இருக்கிறது, கழிப்பறையும் சுத்தமாக இருக்கிறது. அறுக்க மரமே இல்லையே என்று அப்பா கேட்டார். அதற்கும் அதிகாரி வழி வைத்திருந்தார், ஏற்றுமதிக்கு ஏலம் போன மூன்று தடியை ஒரு நாளைக்கு இரவல் தருகிறாராம். "சும்மா பார்வைக்கு வெச்சுக்கங்க, ரம்பத்த வெறுமனே ஓட விடுங்க, சத்தம் வந்தா போதும். மரத்துல மட்டும் கை வெச்சிடாதீங்க, சாயங்காலம் அப்படியே திரும்பிப் போகணும்" என்றார். கல்யாணத்துக்கு நகை இரவல் கேட்டுப் பார்த்திருக்கிறேன், மில்லுக்கு மரம் இரவல் வாங்கியது நாங்களாகத்தான் இருக்கும்.

குழு வந்தது. நடுவில் துறைச் செயலாளர், வெள்ளைச் சட்டை, மரத்தூள் படாதபடி கால் வைத்து நடந்தார். ரம்பம் வெறும் காற்றை அறுத்துக்கொண்டிருந்தது. அவர் ரம்பத்துக்கு மரத்தைத் தள்ளிக்கொண்டு போகும் டிராலியைக் காட்டி, மரம் ஏன் ஏறவில்லை என்பதுபோல் சைகை செய்தார். அவ்வளவுதான், உன் அப்பா கடப்பாரையைப் போட்டு ஒரு தடியைப் புரட்டி டிராலியில் ஏற்றிவிட்டார். முழங்கால் வலி எங்கே போயிற்றோ. அதிகாரி கத்துகிறார், வாய் திறந்து திறந்து மூடுவது தெரிகிறது, அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? அப்பா என்னைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினார். நானாவது உள்ளங்கையைக் கவிழ்த்திருக்க வேண்டும். என் கையும் அவரைப் போலவே இரண்டு விரலைக் காட்டிவிட்டது. நழுவி வந்த முதல் பலகையை நான்தான் ஏந்திக்கொண்டேன், கதகதப்பாக இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, தூள் விழுந்தது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

குழு போனதும் அதிகாரி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "என்னங்க பண்ணி வெச்சீங்க, லைசென்ஸே போயிடும்" என்றார். "தெரிஞ்சு பண்ணலைங்க, கை தானாப் போயிடுச்சு" என்றார் அப்பா, நிஜமாகவே பயந்துபோயிருந்தார். பிறகு ஒரு யோசனை செய்தார். அறுத்த பலகைகளை வரிசை மாறாமல் அடுக்கி, மேலே கீழே மரப்பட்டையோடு அறுந்து விழுந்த புறப்பட்டைகளை வைத்து, கயிற்றால் இறுக்கிக் கட்டினார். பழையபடி தடி. கொஞ்சம் இளைத்திருந்தது, அந்தக் குறைக்கு மரத்தூளை ஒரு சாக்கில் அள்ளிக் கூடவே அனுப்பினோம். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கவில்லை என்ற பேச்சு வரக் கூடாதல்லவா.

மறுநாளே அது திரும்பி வந்துவிட்டது. கம்பெனிக்காரர் கயிற்றை அவிழ்த்துப் பார்த்திருக்கிறார். அறுத்த மரத்துக்குச் சலுகை இல்லை, ஆகவே வேண்டாம் என்றுவிட்டார். உடைந்த மரம் என்று டிப்போவில் கழித்து நம் தலையிலேயே கட்டிவிட்டார்கள், விஷயத்தை வெளியே சொல்லாமல் இருந்தால் லைசென்சுக்கு ஒன்றும் ஆகாதாம். நான் யாரிடம் சொல்லப்போகிறேன், உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

அதற்குப் பிறகுதான் பேப்பர் வந்தது. சிறு மில்களும் முழு வீச்சில் ஓடுவதைக் குழு நேரில் கண்டதாம், ஆகவே அவற்றுக்குச் சில்லறை ஏலமோ வேறு உதவியோ தேவையில்லையாம். நாங்கள் அவ்வளவு நன்றாக அறுத்துத் தொலைத்திருக்கிறோம்! அப்பா அதை இரண்டு தடவை படித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்தார். சிரிப்பாரா அழுவாரா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், எழுந்து போய் ரம்பத்துக்கு எண்ணெய் போட்டார்.

நேற்று குடோன்காரர் பதில் கேட்டு வந்தார். பலகை வைக்க எத்தனை அடுக்கு போடலாம் என்று நம் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே பேசினார். அப்பா வந்தவரின் முதுகுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தார். நான் உள்ளங்கையைக் கவிழ்த்தேன். அவ்வளவுதான் பேச்சு, ஷெட்டைத் தருவதில்லை என்று முடிந்தது. கோபித்துக்கொள்ளாதே, புத்தியோடு எடுத்த முடிவு என்று சொல்ல மாட்டேன். அந்தப் பலகைகளைப் பார்த்த தச்சர் ஒருவர் அத்தனையையும் எடுத்துக்கொண்டார், இன்னும் கிடைக்குமா என்கிறார். பக்கத்துத் தோட்டக்காரர் தன் நிலத்து மரங்களைத் தரத் தயார். சொந்த மரத்தை வெட்டவும் அனுமதி வாங்க வேண்டும், கேட்டிருக்கிறோம், பரிசீலிக்கிறார்களாம். கிடைக்காமலே போனாலும் போகலாம், தெரிந்துதான் இருக்கிறோம். உன் ஜன்னல் அறையைப் பூட்டிவிடாதே, வருவோம், ஆனால் திரும்பிப் போக டிக்கெட் எடுத்துக்கொண்டுதான் வருவோம்.

வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையையும் பட்டினி போடாதே. இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும், அதைவிட வேறென்ன கேட்கப்போகிறோம். ஒன்றை மறக்காதே. மில் ஓடும் நேரத்தில் போன் பண்ணாதே, ஒன்றும் காதில் விழாது என்று முன்பெல்லாம் உன்னைத் திட்டுவேன். இப்போது எந்த நேரமும் பண்ணலாம், ஊசி விழுந்தாலும் கேட்கிறது. என்றைக்காவது நீ கூப்பிட்டு, நான் கத்துவதில் ஒரு வார்த்தைகூட உனக்குப் புரியாமல் போனால், பயப்படாமல் போனை வைத்துவிடு. அன்றைக்கு நாங்கள் நன்றாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
இரண்டு விரல் காட்டிய உன் அம்மா
(அப்பாவும் பக்கத்தில்தான் இருக்கிறார், கையை ஆட்டுகிறார். உனக்கு ஆசீர்வாதம் சொல்கிறார் என்று வைத்துக்கொள்.)