அப்பா விதைத்த கிலுகிலுப்பை

அன்பு மகன் நிபினுக்கு, அம்மா ராஜபாய் சொல்லச் சொல்ல அஜிஷா எழுதுவது. இங்கே கர்த்தர் கிருபையில் நாட்கள் கழிகின்றன, நீ அங்கே சுகமாயிருந்தால் அதுவே போதும்.

அண்ணா, இனி நானாக எழுதுகிறேன். காலையில் ஒரு கிலுகிலுப்பைக் காயைக் காதோரம் குலுக்கினேன், சத்தம் வரவில்லை. திருப்பிப் பார்த்தால் ஓரத்தில் துளை. அப்பா கடைசியாக மரச்சீனிக் கிழங்கு போட்ட விளையில் உரத்துக்கென்று விதைத்த செடி. அப்பாவின் அடக்கத்துக்கு உனக்கு லீவு கிடைக்காதபோது, அந்த விதையை எடுத்து வை, நான் வந்து கல்லறையில் என் கையால் போடுவேன் என்று போனில் அழுதாயே, அதுதான். முன்பே பறிக்கப் போனேன். நாற்பத்தொன்றாம் நாள் ஜெபம் கழியாம அவரு நட்டதுல கை வைக்கப்பிடாது மக்கா என்று அம்மா சொன்னதால் விட்டுவிட்டேன். அந்த நாட்களில்தான் ஆரஞ்சு நிறத்தில் கரும்புள்ளி போட்ட விட்டில்கள் வந்தன. ரப்பர் பால் வெட்டிவிட்டுப் போன ஜெயதாஸ் மாமன், பிள்ளே, உங்கப்பன் உனக்குக் கல்யாணச் சேலை கொடுத்து விட்டிருக்கானாக்கும் என்று கேலி பண்ணினார். நானும் அழகென்று விரட்டாமல் நின்றேன். காக்கை ஒன்றைக் கொத்தி உடனே துப்பியது. இன்று பார்த்தால் அவற்றின் வரிவரியான புழுக்கள் காய்க்குள் தலையை விட்டு விதையைத் தின்றுகொண்டிருந்தன. போனில் தேடி வாசித்தேன். விதையின் விஷம்தான் இந்தப் பூச்சிக்குக் காவலாம். இந்த இனத்தில் ஆண் அதைப் பெண்ணுக்குக் கொடுக்கும், அது முட்டைக்குப் போகும், எறும்புகூடத் தொடாதாம். அப்பன் பிள்ளைகளுக்கு வைத்துப் போகிறது. விளையிலேயே இருந்து அழுதேன்.

எல்லாக் காயையும் உடைத்துவிட்டேன் அண்ணா, முழு விதை ஒன்றுகூட இல்லை. என்னை மன்னித்துவிடு. அடக்கத்துக்குப் பிறகு அம்மா விளைக்கு இறங்கவே இல்லை, அவளுக்குத் தெரியாது. போன் பேசினால் பக்கத்தில் வந்து இருந்துகொள்வாள். அதனால்தான் வெள்ளிக்கிழமை மஸ்கட் திரும்பும் மனு அண்ணனிடம் பலாச்சக்கை வற்றலோடு இதைக் கொடுத்து விடுகிறேன். நீ அவளிடம் ஒன்றும் கேட்காதே.

அம்மா சொல்வது: வெயிலில் தலையில் துணி கட்டாமல் வேலைக்குப் போகாதே, ஜெபிக்காமல் படுக்காதே, எப்படியும் மார்ச்சில் வந்துவிடு. போகுமிடமெல்லாம் கர்த்தர் உனக்குத் துணை நிற்கட்டும்.

உன் அம்மா ராஜபாய்,
எழுதியவள் தங்கை அஜிஷா.

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டதும் அம்மா, விதை பத்திரமா உண்டுண்ணு எழுதினியா, கண்ணு தெரியேல்ல, ஒருக்கா வாசி மக்கா என்றாள். தாளில் இல்லாததைத் தாளைப் பார்த்தே வாசித்துக் காட்டினேன்.