துளை ஏழின் சாட்சிப் பாதி

நாள் 12 | 09:10
செவ்வாய்க் கிரகம், கூனல் மலை முகாம். பதிவு செய்பவர்: திலகவதி, நிலவியலாளர். இங்கே ஆள் நான் ஒருத்திதான். ஆக்சிஜன் நாள் 36 வரை. என்னை அழைத்துப்போக நாள் 30-இல் நானூறு பேர் வாழும் தளத்திலிருந்து ஊர்தி வரும்.

துளை ஏழு தொடங்கியது. துளையிலிருந்து உருளையாக வரும் கல்லுக்குக் கோர் என்று பெயர். அதை நீளவாக்கில் இரண்டாக அறுப்போம். ஒரு பாதியைப் பொடித்து இயந்திரத்தில் சோதிப்போம். மறுபாதி, ஆழத்தை மீட்டரில் எழுதிய கட்டைகளோடு, பெட்டியை விட்டு நகரக் கூடாது. அதுதான் சாட்சி. பின்னால் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

முதல் பத்து மீட்டர் அமர்க்களம். வெள்ளைக் குவார்ட்ஸ் நரம்புகளின் ஓரமெல்லாம் மாலிப்டினத் தாது, ஈய நிறத்தில், தகடு தகடாக. நகத்தால் கீறினாலே உதிர்கிறது. தாளில் தேய்த்தால் பென்சில் போல எழுதுகிறது. கல்லூரியில் கையில் இந்தக் கறையோடு பரீட்சை எழுதப் போய், விடைத்தாளை அழுக்காக்கி, நானும் வகுப்புத் தோழன் அருளப்பனும் திட்டு வாங்கினோம். எவ்வளவு தேய்த்துக் கழுவியும் போகவில்லை.

நாள் 17 | 14:40
22 மீட்டரில் தாது நின்றுவிட்டது. அதற்குக் கீழே வெறும் இளஞ்சிவப்புக் கிரானைட். 220 மீட்டர் வரை போய்ப் பார்த்தேன், ஒரு பொட்டு இல்லை.

ஒரு காலத்தில் ஆழத்திலிருந்து சுடுநீர் விரிசல் வழியாக ஏறி உலோகத்தைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. ஆனால் அது இந்த மலைக்கு அடியிலிருந்து ஏறவில்லை. எங்கிருந்தோ பக்கவாட்டில் கசிந்து வந்த மிச்சம்தான் இது. மற்ற ஆறு துளைகளும் அதையே சொல்கின்றன.

மாலிப்டினம் கிடைத்தால்தான் வெப்பம் தாங்கும் எஃகை இங்கேயே செய்யலாம், தளம் நிலைக்கும். இல்லையென்றால் நானூறு பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். உள்ளதை உள்ளபடி எழுதித் தளத்துக்கு அனுப்பிவிட்டேன்.

நாள் 18 | 08:05
தளத் தலைவர் அருளப்பனிடமிருந்து செய்தி. பாளையங்கோட்டையில் ஒரே வகுப்பு. பதினான்கு வருடமாக என் கல்லை அவன் சரிபார்ப்பான், அவன் கல்லை நான் சரிபார்ப்பேன்.

"ஏட்டி திலகா, அறிக்கையப் பாத்தேன். இருபத்திரெண்டுக்குப் பொறவு ஒரு சைபர் போட்டா என்ன கொறஞ்சிரப் போவுது? நானூறு பேரு பொழப்புட்டி. சாட்சிப் பெட்டியில மீட்டர் எழுதின கட்டைய மட்டும் மாத்தி வச்சிரு."

என் பதில்: "ஏலே அருளு, இல்லாத தாதுவ நம்பி நானூறு பேர இங்க உக்கார வைக்கவா? கட்டையத் தொட மாட்டேன். நீ வண்டிய அனுப்பு, நேர்ல வந்து பேசுதேன்."

கோபத்தில் கொஞ்சம் காட்டமாகவே சொல்லிவிட்டேன். பரவாயில்லை, அருளுதானே.

நாள் 29 | 11:20
அருளுவிடமிருந்து: "வண்டி அச்சு முறிஞ்சு போச்சுட்டி. மூணு நாலு நாளு பொறுத்துக்கோ. நான் இருக்கேம்லா."

காற்றுக் கணக்கு சரியாக இருக்கிறது. அவன் சொன்னால் செய்வான். இன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

நாள் 33 | 16:02
ஊர்தி வந்துவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

வழக்கம்போல ஆளில்லாமல்தான் வந்திருக்கிறது. ஆனால் உள்ளே இருக்கை இல்லை, கழற்றியிருக்கிறார்கள். ஆக்சிஜன் உருளை இல்லை. இருக்கை இருந்த இடத்தில் பெட்டி அடுக்கும் தட்டு. திரையில் ஒரே கட்டளை: "சாட்சிப் பெட்டிகளை ஏற்றவும். துளை 1 முதல் 7 வரை." சேருமிடம் தளம் அல்ல. தெற்குப் பள்ளத்தாக்கின் கழிவுக்குழி.

தளத்தின் அறிக்கைகள் எல்லா ஊர்திகளுக்கும் தானாக நகலாகும். அதை மறந்துவிட்டான். படித்தேன்.

"துளை ஏழு: தாது 220 மீட்டர் வரை தொடர்கிறது." கீழே என் பெயர். அதற்கும் கீழே: "நிலவியலாளர் திலகவதி நாள் 31 அன்று பாறைச் சரிவில் காலமானார். தளம் கண்ணீர் அஞ்சலி செலுத்துகிறது."

நான் செத்து இரண்டு நாளாகிவிட்டது.

நாள் 34 | 07:30
வானொலியில் நாற்பது முறை கூப்பிட்டேன். என் அலைவரிசையை மூடிவிட்டார்கள். ஊர்தியின் சேருமிடத்தை இங்கிருந்து மாற்ற முடியாது. தளத்துக்கு நடந்தால் ஆறு நாள், என்னிடம் இருப்பது இரண்டு நாள் காற்று.

பாவி. என் சாப்பாட்டு டப்பாவில் பாதி தின்றவன். முடியாது என்று சொன்னதற்காகவா? பெட்டியைக் குழியில் போடு, நீயும் செத்துப் போ என்று என்னிடமே வேலை வைத்திருக்கிறான்.

ஏற்ற மாட்டேன். எடை ஏறாமல் ஊர்தி நகராது. திரும்பாத ஊர்தியைத் தேடி ஒருநாள் ஆள் வந்தே ஆக வேண்டும்.

நாள் 36 | மணி தெரியவில்லை
மின்சாரம் போய்விட்டது. பெட்டி மூடியின் உள்பக்கம், துளை ஏழின் கல்லாலேயே எழுதுகிறேன்.

திறப்பவர் யாரானாலும் கட்டையைப் பாருங்கள். 22. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. இந்த மலையை நம்பாதீர்கள்.

ஆனால் அருளு, வரப்போவது நீதான். வேறு ஆளை அனுப்ப உனக்குத் தைரியம் கிடையாது. குழியில் தள்ளத்தான் வந்திருப்பாய். இருந்தாலும் திறந்து பார்க்காமல் உன்னால் போக முடியாது, நீயும் நிலவியல்காரன். பெட்டிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறேன். முகத்தைப் பார்த்துவிட்டுப் போ.

இந்த எழுத்தைத் தேய்த்து அழிக்கப் பார்ப்பாய். தேய்த்தால் அழியாது, உன் மேல் அப்பிக்கொள்ளும். கல்லூரியிலேயே தெரிந்ததுதானே நமக்கு. ஏலே அருளு, உன் கையைப் பா